நான் மறைத்த சிவப்பு எழுத்தும் ஜெயராமன் கரும்பும்

புதுசா டேட்டாபேஸ் செக்‌ஷனுக்கு வந்திருக்கிற பசங்களே, பொண்ணுங்களே, முதல்லயே சொல்லிடறேன். ஒரு டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸை எப்படி நிறுவறது, எந்த டிஸ்க்குல எதை வைக்கிறது, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு மேனுவல் இருக்கு, படிங்க. படிக்காம வந்து "வரலை மேடம்"னு நின்னவங்களை நான் என்ன பாடு படுத்தினேன்னு உங்க சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. இன்னும் என்னைத் திட்டிக்கிட்டுதான் இருப்பாங்க.

நான் சொல்ல வந்தது வேற. எல்லாத்தையும் மேனுவல் படியே செஞ்சு, அதுக்கு மேலயும் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டி, ஒரு விவசாயியோட கரும்பைக் கொல்லையிலேயே காய விட இருந்தேன். நான்தான். வேற யாரும் இல்ல. அதுல இருந்து எப்படி மீண்டேன்னு சொல்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையடிச்சுக்குவேன், பொறுத்துக்கங்க.

அப்ப நான் ஒரு சர்க்கரை ஆலையோட கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தேன். ஆலை பேரு வேண்டாம். வில்லியனூர் ரோட்டுல எங்க ஆபீஸ். பாகூர், ஏம்பலம், நெட்டப்பாக்கம் பக்கத்துக் கரும்பெல்லாம் எங்களுக்குத்தான் வரும். கரும்பு போட்டவங்க நினைச்ச அன்னைக்கு வெட்ட முடியாது. ஆலை ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை நம்பர் போட்டு, "இன்னைக்கு உன் கரும்பை வெட்டு"ன்னு கட்டிங் ஆர்டர் கொடுக்கும். அந்த ஆர்டர் இல்லாம வெட்டினா ஆலை வாசல்ல வண்டியை உள்ள விட மாட்டாங்க.

ரொம்ப வருஷமா அது பேப்பர் சீட்டுலதான் நடந்தது. அந்த வருஷம் ஆலை பிபிஎம் சாஃப்ட்வேர் வாங்குச்சு. பிபிஎம்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. ஒரு வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகணும், யார் சரின்னு சொல்லணும்னு பார்த்து நடத்துற சாஃப்ட்வேர். அதுக்கு அடியில ஒரு டேட்டாபேஸ் வேணும். அதை நிறுவற பொறுப்பு எனக்கு வந்தது. விவசாயிங்க எல்லார் போன்லயும் ஆப் போட்டுக் கொடுத்தாச்சு.

அந்த ஆப்புல "முறை மாற்று"ன்னு ஒரு பொத்தான் உண்டு. ஏன்னா ஆலை நம்பர் போடறது நடவு தேதியைப் பார்த்து. நடவு தேதிக்கு வண்டிப் பாதை தெரியுமா? உள்ள இருக்கிற கொல்லைக்காரர் கரும்பு இன்னொருத்தர் கழனி வழியாத்தான் ரோட்டுக்கு வரணும். அந்தக் கழனியில நெல்லுக்குத் தண்ணி கட்டிட்டா டிராக்டர் இறங்காது. அதனால "உன் முறையை எனக்குக் கொடு, என் முறையை நீ எடுத்துக்க"ன்னு அவங்களுக்குள்ள மாத்திக்குவாங்க. ஒருத்தர் கேட்டு அழுத்தினாப் போதும், மாறிடும். அப்படித்தான் சாஃப்ட்வேர் கம்பெனி செஞ்சு கொடுத்திருந்தாங்க.

அரவை தொடங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் விவசாயிங்களை வச்சு ஒரு வாரம் சோதனை ஓட்டினோம். அதுல அங்கங்க சில போன்ல சிவப்பு எழுத்து வந்தது. "உங்கள் கோரிக்கை ரத்து." நான் பார்த்தேன், டெட்லாக். முறையை மாத்தணும்னா டேட்டாபேஸ்ல ரெண்டு பேர் முறையும் இருக்கிற வரிகளைத் தொடணும் இல்லையா? ஒரு போன் இவர் வரியைப் பிடிச்சுக்கிட்டு அவர் வரிக்குக் காத்திருக்கும். இன்னொரு போன் அவர் வரியைப் பிடிச்சுக்கிட்டு இவர் வரிக்குக் காத்திருக்கும். ரெண்டும் விடாது. கடைசியில டேட்டாபேஸ் ஒருத்தரை வெளியே தள்ளும். தள்ளப்பட்டவர் போன்லதான் அந்தச் சிவப்பு.

எங்க ஜி.எம். கூப்பிட்டார். நல்ல மனுஷர், ஆனா சிவப்பு கண்டா ஆகாது. "மேடம், அரவை தொடங்குற அன்னைக்கு ஒருத்தர் போன்லயும் சிவப்பு வரக்கூடாது"ன்னார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. தள்ளப்பட்ட கோரிக்கையை டேட்டாபேஸுக்கே தானா திரும்ப அனுப்பற மாதிரி செட்டிங் போட்டேன். ரத்து ஆனாலும் ரெண்டு நொடியில மறுபடி உள்ள போகும், வெற்றின்னு பச்சை எழுத்து வரும். அவ்வளவுதான், சிவப்பு போயே போச்சு. ஜி.எம். எல்லார் முன்னாடியும் பாராட்டினார். நானும் வாயெல்லாம் பல்லா நின்னேன்.

டெட்லாக்குங்கிறது எப்பவாவது வர்ற விஷயம். இவ்வளவு கொஞ்சம் பேர் வச்சு ஓட்டின சோதனையில எதுக்கு இத்தனை தடவை வருதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலை. பாராட்டு காதை அடைச்சிருந்தது.

பொங்கல் கழிச்சுத் திங்கட்கிழமை அரவை தொடங்குச்சு. செவ்வாயும் நல்லாத்தான் போச்சு. புதன்கிழமை காலையில பத்து மணிக்கு ஏம்பலத்துல இருக்கிற எங்க கரும்பு ஆபீஸ்ல இருந்து போன். அங்க இருந்த கிளார்க் அம்மா பேசினாங்க. பின்னால ஒரே கூச்சல்.

"மேடம், இங்க ஜெயராமன்னு ஒருத்தரு வந்து நிக்கிறாரு. திங்கக்கெழமையே முறை மாத்திக்கினாராம். போன்ல பச்சை வந்துச்சாம். இன்னைக்கு வெட்டாளுங்க பழையபடி கலியபெருமாள் கொல்லையிலதான் போய் எறங்கியிருக்காங்க."

விஷயம் இதுதான். ஜெயராமனுக்கு ஒரு காணி கரும்பு. அது ரோட்டுக்கு வர்ற வழி பக்கத்துக் கழனி. அந்தக் கழனிக்காரர் நாத்து தயாரா வச்சிருக்கார், சனிக்கிழமை தண்ணி விடப் போறேன்னு சொல்லிட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, நாத்து முத்திப் போகும். ஜெயராமன் முறையோ பங்குனியில. அதுவரைக்கும் நின்னா கரும்பு பூத்து, காஞ்சு, பாதி எடை கூடத் தேறாது. கலியபெருமாள் கொல்லை ரோட்டோரம், அவருக்கு எப்ப வெட்டினாலும் சரி. அதனால புதன்கிழமை முறையை ஜெயராமனுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது போய்ச் சேரலை.

வெட்ட ரெண்டு நாள் வேணும். வியாழன், வெள்ளி மட்டும்தான் மிச்சம். மறுநாள் பட்டியல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வெட்டாளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போற மேஸ்திரி போனுக்குப் போயிடும். அதுல ஜெயராமன் பேரு இருந்தாத்தான் வெட்டாளுங்க வருவாங்க. அஞ்சு மணி தாண்டினா கரும்பு கொல்லையோட சரி.

ஜி.எம். ரூமுக்கு ஓடினேன். அதுக்குள்ள பாகூர்ல இருந்தும் ரெண்டு போன் அவருக்கு வந்துடுச்சு. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பேக்கப்பைப் போட்டுட்டு பேப்பருக்கே போயிடலாம்"ன்னார்.

"மூணு நாளா வந்த வண்டிங்க எல்லாம் அழிஞ்சிடும் சார். ஆலைக்குள்ள கரும்பு இருக்கும், யாரோடதுன்னு கணினிக்குத் தெரியாது."

"சரி, அப்ப அந்தக் கத்துற ஆளுக்கு மட்டும் கையால மாத்திடுங்க."

சுலபம்தான். ஒரு வரி எழுதினா முடிஞ்சது. விரல் துறுதுறுன்னுதான் இருந்தது. ஆனா மூணு நாள்ல எத்தனையோ பேர் மாத்தியிருக்காங்க. கத்தத் தெரியாதவங்க அவங்கவங்க வூட்டுல பச்சை எழுத்தை நம்பி உட்கார்ந்திருப்பாங்க இல்லையா?

"அஞ்சு மணி வரைக்கும் என்னை விடுங்க சார். நாலே முக்கால் வரைக்கும் காரணம் பிடிபடலைன்னா நீங்க சொன்ன மாதிரி கையாலயே மாத்திடறேன், ராஜினாமாவும் சேத்து எழுதித் தர்றேன்"னேன். ராஜினாமா பேச்சு ஆத்திரத்துல வந்தது. வந்தப்புறம் விழுங்க முடியுமா? விட்டுட்டேன்.

டேட்டாபேஸோட லாகைத் திறந்தேன். யார் எப்ப எதைத் தொட்டாலும் அதுல இருக்கும். திங்கட்கிழமை காலை ஜெயராமன், கலியபெருமாள் முறை மாறியிருக்கு. சரி. அடுத்த வரியைப் பார்த்தா, சில நொடியிலேயே மறுபடி மாறியிருக்கு! போன இடத்துலிருந்து திரும்பி வந்தாச்சு. பாகூர் ஜோடியும் அப்படியே. மாத்தறது, உடனே திருப்பி மாத்தறது. எனக்கு வந்ததே கோபம். ஏன்யா, போன் கொடுத்தா விளையாடறீங்களா? ராஜினாமா வரைக்கும் பேசிட்டு வந்திருக்கேன் நான்!

லேப்டாப்பை ஸ்கூட்டி முன்னால வச்சுக்கிட்டு நேரா ஏம்பலம் கிளம்பினேன். வழி பூரா என்னென்ன திட்டணும்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். சத்தியமா சொல்றேன், பிரச்சினையைத் தீர்க்கப் போகலை. நாலு வாங்கு வாங்கணும்னுதான் போனேன்.

கரும்பு ஆபீசுக்கு எதிர்ல டீக்கடை. பெஞ்சுல ஜெயராமன் ஒரு ஓரம், கலியபெருமாள் ஒரு ஓரம். ஜெயராமன் ஒல்லியா, தோள்ல துண்டு. கண்ணு சிவந்து போயிருந்தது. கலியபெருமாள் கனத்த ஆளு, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார்.

"திங்கட்கிழமை என்ன செஞ்சீங்க? செஞ்சு காட்டுங்க"ன்னு அதட்டினேன். அவங்க போனை வாங்கி, நிஜ முறை மாறிடாம இருக்க ஆப்பைச் சோதனை டேட்டாபேஸுக்கு மாத்தி, ரெண்டையும் அவங்க கையில திருப்பிக் கொடுத்தேன்.

ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்தாங்க. போனை முட்டிமேல வச்சுக்கிட்டாங்க. கலியபெருமாள் விரலைத் தூக்கினார். ஜெயராமனும் தூக்கினார். டீக்கடைக்காரர் ஆத்தறதை நிறுத்திட்டு எண்ணினார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ரெண்டு விரலும் ஒரே நேரத்துல அழுத்துச்சு.

இதுதானா விஷயம்! ஒருத்தர் அழுத்தினாலே மாறிடும். ரெண்டு பேர் அழுத்தினா மாறி, திரும்பவும் மாறும். எங்க சோதனையில வந்த டெட்லாக் எல்லாம் இந்த ஒண்ணு ரெண்டு மூணுதான். அப்பவாவது டேட்டாபேஸ் ஒருத்தரை வெளியே தள்ளி, சிவப்புல கத்தி, தப்பித் தவறி முறையைச் சரியாவே வச்சிருந்தது. நான்தானே தள்ளப்பட்டவரைத் திரும்ப உள்ள அனுப்பினேன்? அவரும் உள்ள போய், மாத்தினதைத் திருப்பி மாத்திட்டு, பச்சை எழுத்தோட வெளியே வந்தார். ஜி.எம். கைதட்டினதும் இதுக்குத்தான்.

"ஏங்க, ஒருத்தர் அழுத்தினாப் போதும்னு சொன்னோமே?" என் குரல் இறங்கிப் போச்சு.

ஜெயராமன்தான் பதில் சொன்னார். "அதெப்டி மேடம்? அவரு மொதல்ல குடுத்தா நான் கையேந்துன மாதிரி ஆயிடும். நான் மொதல்ல குடுத்தா அவரு. சேந்து குடுத்தா யாருக்கும் கவுரவக் கொறைச்சல் இல்ல."

"இன்னா மேடம் இது தெரியாதா?"ன்னு கலியபெருமாள் சிரிச்சார். "எங்க அப்பாரு காலத்துலயும் இப்டித்தான்."

திட்ட வச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்க போச்சோ தெரியலை. கிளார்க் அம்மா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்ககிட்ட போனேன். மணி பன்னெண்டு ஆகப் போகுது.

"சீட்டு இருந்தப்ப நீங்க எப்படி மாத்துவீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என் மேசை மேல வைப்பாங்க மேடம்."

"ஒரு சீட்டு மட்டும் வந்தா?"

"அது மேல டம்ளரை வச்சிட்டு சும்மா இருப்பேன். ரெண்டாவது வந்தாத்தான் பேனாவ எடுப்பேன்."

"ரெண்டும் வந்தப்புறம் எத்தனை தடவை எழுதுவீங்க?"

அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "ஒரு தடவைதான். ரெண்டு தடவை எழுத நான் இன்னா லூசா?"

இல்லம்மா, நான்தான் லூசு. வாய்விட்டே சொன்னேன். டீக்கடை பூரா சிரிச்சது, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அவங்க மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அந்தம்மா டம்ளர் வச்சு செஞ்ச வேலையை அப்படியே டேட்டாபேஸுக்குள்ள எழுதினேன். முதல்ல அழுத்தினவர் கோரிக்கை ஒரு தனி அட்டவணையில போய்க் காத்திருக்கும், முறையைத் தொடாது. ரெண்டாமவர் அழுத்தினதும் ஒரே ஒரு தடவை மாறும். ரெண்டு வரியையும் பூட்டும்போது எப்பவும் சின்ன நம்பரை முதல்ல பூட்டணும், அப்பத்தான் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க. நான் போட்ட அந்தப் புத்திசாலி செட்டிங்கை எடுத்துக் கடாசினேன். சிவப்பு வந்தா வரட்டும்.

அதுக்கிடையில கிளார்க் அம்மாகிட்ட ஒரு பட்டியல் கொடுத்தேன். மாறி, உடனே திரும்பி மாறின பத்தொன்பது ஜோடி. "எல்லாத்தையும் ஒரே அடியா சரி பண்ணிடவா?"ன்னு கேட்டேன். அந்தம்மா பட்டியலைப் படிச்சாங்க.

"பண்ணிடாதீங்க மேடம். ஒவ்வொருத்தரையும் கேக்கணும். இதுல நெஜமாவே மனசு மாறித் திருப்பிக்கினவங்க இருந்தா?"

போனை எடுத்து வரிசையா கூப்பிட ஆரம்பிச்சாங்க. "அண்ணே, இன்னாண்ணே, முறை மாத்தினீங்களே, அது வேணுமா வேணாமா?" பாருங்க, பாகூர் பக்கத்துல ஒரு ஜோடி நிஜமாவே மனசு மாறி, கொஞ்ச நேரத்துலயே திருப்பி மாத்தியிருந்தாங்க. நான் ஒரே அடியா சரி பண்ணியிருந்தா அவங்க அடுத்த நாள் வந்து கத்தியிருப்பாங்க. லாகுக்கு நேரம்தான் தெரியும், மனசு தெரியாது.

மூணரைக்கு எழுதி முடிச்சேன். கலியபெருமாளைக் கூப்பிட்டு, சோதனை டேட்டாபேஸ்லயே அழுத்தச் சொன்னேன். "காத்திருக்கிறது"ன்னு வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொரு தடவை அழுத்தினார். "மாறியது"ன்னு வந்துடுச்சு! அவரே ரெண்டு கையையும் கொடுத்த மாதிரி கணக்கு ஆகிடுச்சு.

"ஐயோ சாமி!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"ன்னார் பாவம்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க, கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்தீங்க." நிஜம்தான். என் சொந்தச் சோதனையில நான் ஒரு நாளும் ரெண்டு தடவை அழுத்தியிருக்க மாட்டேன். ஒரே ஆள் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்கணும்னு ஒரு கட்டுப்பாடு போட்டேன். மணி நாலு பத்து.

ஜி.எம். போன் பண்ணினார். எடுக்கலை. மறுபடி பண்ணினார். கிளார்க் அம்மா எடுத்து, "மேடம் வேலையா இருக்காங்க சார், அஞ்சு மணிக்குப் பேசுவாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அந்தத் தைரியம் எனக்கு அன்னைக்கு இல்ல, ஒத்துக்கறேன்.

நாலரைக்கு உண்மையான டேட்டாபேஸ்ல ஏத்தினேன், அவங்க ரெண்டு போனையும் அதுக்கே திருப்பினேன். மாறியிருக்க வேண்டிய பதினெட்டு ஜோடியில பதினேழை, கிளார்க் அம்மா "சரி" போட்டது போட்டபடி, நானே மாத்தினேன். ஜெயராமன் ஜோடியை மட்டும் வேணும்னே வச்சிருந்தேன். அவங்க முறை புதன்கிழமையே போயிடுச்சு, ஆனா கலியபெருமாள் தன் கரும்புல கை வைக்க விடாம வெட்டாளுங்க நாள் பூரா சும்மா உட்கார்ந்திருந்ததால கலியபெருமாளோட ஆர்டர் வியாழனுக்குத் தள்ளிப் போயிருந்தது. அதை அவங்க கையாலயே மாத்தட்டும்னு நினைச்சேன். தப்பா போனாக்கூட எனக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது, கையால மாத்த. டீக்கடைக்கு வந்தேன்.

இந்தத் தடவை டீக்கடைக்காரர் மட்டும் எண்ணலை. கடையில இருந்தவங்க எல்லாரும் எண்ணினாங்க. "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ரெண்டு போனும் ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் ரெண்டுலயும் ஒரே நேரத்துல வந்தது: "மாறியது."

நான் நம்பலை. பச்சையை நம்பி ஏமாந்தவ இல்லையா? ஓடிப்போய் லாகைப் பார்த்தேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை மாறியிருந்தது. அதுக்கப்புறம் அந்த ரெண்டு வரியையும் யாரும் தொடலை. அஞ்சு மணிக்கு, டீக்கடைக்கு வந்திருந்த மேஸ்திரி போன்ல பட்டியல் விழுந்தது. முதல் பேரு ஜெயராமன், ஏம்பலம். ஜெயராமன் அந்தப் போனை வாங்கி எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படிச்சார். கலியபெருமாள் எல்லாருக்கும் டீ சொன்னார்.

ஆபீஸ் திரும்பினதும் ஜி.எம். கேட்ட முதல் கேள்வி, "இனிமே சிவப்பு வராதில்ல?" வரும் சார், வரணும்னேன். டேட்டாபேஸ் ஒண்ணைச் செய்ய மாட்டேன்னு சொல்லுதுன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும். அதோட வாயைப் பொத்தறதுக்கு முன்னாடி எழுந்து போய்ப் பார்க்கணும். நான் போனது திட்டறதுக்கு, அது வேற விஷயம். ஆனா போனேன். நீங்களும் போங்க. பஸ்ல போங்க, ஸ்கூட்டியில போங்க, அவங்க எப்படி அழுத்தறாங்கன்னு கண்ணால பாருங்க. வழக்கத்தை மாத்திக்கங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருந்தா எனக்கு அரை நாள் வேலை மிச்சம். அவங்க தலையை ஆட்டிட்டு மறுநாளும் சேர்ந்துதான் அழுத்தியிருப்பாங்க. ராஜினாமாவை ஜி.எம். கேட்கவே இல்ல. நானும் ஞாபகப்படுத்தலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் மேசை போன் அடிச்சது. எடுத்தா ஒரே டிராக்டர் சத்தம்.

"மேடம், ஜெயராமன் பேசறேன். கேக்குதா?"

"என்னங்க ஆச்சு?" கேட்டுக்கிட்டே லாகைத் திறந்தேன்.

"கடைசி வண்டி மேடம். இதோ கழனியத் தாண்டுது... தாண்டுது... ரோட்டுல ஏறிடுச்சு மேடம்!"

பின்னால யாரோ தூரத்துல இருந்து கத்தினாங்க. கழனிக்காரராத்தான் இருக்கணும். "யோவ் ஜெயராமா, மடையத் தொறக்கலாமா? ஒரு நாளு முன்னாடியே வுட்டுர்றேன்!"

போனை வாயிலேயே வச்சுக்கிட்டு ஜெயராமன் கத்தின கத்துல என் காது அடைச்சுப்போச்சு.

"தொறப்பா! தாராளமா தொற!"

நான் சீட்டை விட்டு எழுந்து நின்னு, செக்‌ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கைதட்டினேன். ஜி.எம். ரூமுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்தார். பார்த்தா பார்க்கட்டும்னு இன்னும் பலமா தட்டினேன்.